மாமாவின் பங்கு

அம்மா அனுப்பிய பெட்டியை வாங்க நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒட்டிலியா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மெதுவா போடி. டிரைவர் ஒண்ணும் உன் பெட்டியத் தின்னுட மாட்டார். அவர் வண்டியில ஊர்ப்பட்ட அம்மாங்களோட சமையல் இருக்கு."

ருமேனியாவின் யாஷ் நகரத்தில் படிக்கிற எங்களுக்குத் தாயன்பு மினிபஸ்ஸில்தான் வரும். சனிக்கிழமை மதியம் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் ஒவ்வொரு ஊர் வண்டியாக வந்து நிற்கும். டிரைவர் பின்கதவைத் திறந்தால் பூண்டும் புகைபோட்ட இறைச்சியும் ஊறுகாயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். பெட்டிகளின் மேல் பெயர் எழுதி, கயிறு கட்டி, கயிற்றுக்கு மேல் ஒட்டுநாடாவும் சுற்றியிருப்பார்கள். எங்கள் அம்மாக்களுக்கு முடிச்சின் மேல் நம்பிக்கை கிடையாது.

நான் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த வரிசையில் அன்றுதான் முதன்முதலாக நின்றேன். அதுவரை எதுவும் அனுப்பவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அனுப்பினால் யார் சாப்பிடுவது?

"ஸ்மரண்டா யாரு? நீயா?" என்றார் டிரைவர் டோரு. "உங்கம்மா இந்தப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டுப் போன்னு சொல்லாத குறைதான். அப்படியே நிமிர்த்தி வைக்கணுமாம். உன் கையிலதான் குடுக்கணுமாம். தங்கமா இருக்கு உள்ளே?"

"முட்டைக்கோஸ்ண்ணே."

"அப்ப தங்கத்தவிட ஒசத்திதான்" என்று பெட்டியை நீட்டினார்.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். ஒட்டிலியா பாதி வழியில் வாங்கிக்கொள்ள வந்தாள். கொடுக்கவில்லை. இருபது வயதில் ஒருத்தி தாய் சமைத்த பண்டத்துக்கு இப்படி அலைவாளா என்று நீங்கள் கேட்கலாம். நான் அலைந்தேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

ஒட்டிலியா என் அறைத்தோழி. என் குட்டை முதலில் உடைத்தவளும் அவள்தான். முதல் வருடம் முழுக்க நான் விரதம் என்ற பெயரில் தப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் விரதத்துக்குப் பஞ்சமே இல்லை. புதன், வெள்ளி, கிறிஸ்துமஸுக்கு முன், ஈஸ்டருக்கு முன், இந்தப் புனிதர், அந்தப் புனிதர். 'எனக்கு இன்னைக்கு விரதம்' என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்காதது மட்டுமல்ல, மெச்சிக்கொள்வார்கள். உணவகத்தில் சூப் ஊற்றுகிற அம்மாள் என்னைக் காட்டி மற்றப் பெண்களைத் திட்டுவாள். நான் எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்தேன். விடுதி எனக்குக் கன்னியாஸ்திரி என்று பட்டம் கொடுத்தது.

எங்கள் சபையில் பாதிரியாருக்குக் குடும்பம் உண்டு; ஒட்டிலியா பாதிரியார் மகள். அவளிடம் பருப்பு வேகவில்லை.

"இன்னைக்கு எந்தப் புனிதருக்குடி விரதம்?" என்றாள் ஒருநாள்.

ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன்.

"பிஷப்பே மீன் தின்னுற நாள்டி இது. எங்கப்பாகிட்ட சொன்னா உன் படத்தத் தேவாலயத்துல மாட்டிருவார். வாயத் திற, உண்மையச் சொல்லு."

அப்போது சொல்லவில்லை. விரதம் இல்லாத நாட்களும் எனக்கு உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தின்ற நாட்கள். அதற்குப் பிறகு நடந்தவை எனக்கும் தாழ்வாரக் கோடியில் இருக்கும் குளியலறைக்கும் தெரிந்தால் போதும். இலையுதிர் காலத்தில் பாலம் கட்டும் பாடம் நடந்துகொண்டிருந்தபோது நான் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தேன். ஒட்டிலியா என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பல்கலைக்கழக மனநல ஆலோசகர் முன்னால் உட்கார வைத்தாள்.

அந்த அம்மாள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவே இல்லை. "நீ சாப்பிட உக்காந்தா, உன் பின்னாடி யாரும்மா நிக்கிறாங்க?" என்று கேட்டார். நான் அறையில் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்த்தேன். பிறகு அழுதேன்.

பின்னால் நின்றது நெகுலாய் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

எனக்கு நினைவு தெரிவதற்குள் அப்பா வேறொருத்தியோடு போய்விட்டார். அம்மா இத்தாலிக்கு வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். எங்கள் ஊரில் பாதி அம்மாக்கள் அப்படித்தான் போனார்கள். என்னை மாமா வீட்டில் விட்டாள். மாமா தனிக்கட்டை. தேவாலயத்தில் முதல் வரிசை. ஊரில் நல்ல பெயர். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ரொட்டிக்கு விடியலில் வரிசையில் நின்று, கிடைக்காமல் திரும்பிய மனுஷர். அதனால் அவர் வீட்டில் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? பிள்ளை தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடவேண்டும் என்று எந்த வீட்டில்தான் சொல்வதில்லை? மாமா பெரியவர்களுக்குப் போடும் அளவை எனக்குப் போடுவார். இடுப்பு வாரைக் கழற்றி மேஜைமேல், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். முடியாவிட்டால் மக்காச்சோள மணிகளின் மேல் முட்டி போட்டுக்கொண்டு முடிக்கவேண்டும். அதிலும் முடியாவிட்டால் தட்டும் நானும் நிலவறைக்குள் போவோம். தட்டு காலியானால்தான் கதவு திறக்கும். வயிறு தாங்காமல் வெளியே வந்தால் அதுவும் தட்டுக்கே திரும்பும். இதற்குமேல் சொல்லமாட்டேன். ஒன்பது வயதில் நான் சாப்பிட்டது எல்லாமே பயத்தைத்தான்.

ஞாயிறுதோறும் அம்மா போன் செய்வாள். மாமா என் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "நல்லா சாப்பிடுறேம்மா" என்பேன். என் உப்பிய கன்னங்களைப் படம் பிடித்து அனுப்புவார். அம்மா அதை இத்தாலியில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டாளாம். அக்கம்பக்கத்தார் காதில் என் அழுகை விழாமல் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பட்டினி போட்டால்தான் கொடுமை. சாப்பிடச் சொல்வது எப்படிக் குற்றமாகும்? அங்கேதான் எல்லோரும் கோட்டை விட்டார்கள். எனக்குப் பதின்மூன்று வயதானபோது மாமா மாரடைப்பில் போனார். சவ அடக்கத்துக்கு ஊரே வந்தது. அம்மா திரும்பி வந்து, இத்தாலிக் காசில் எழும்பியிருந்த எங்கள் புது வீட்டில் குடியேறினாள்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்படி ஆலோசகர் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் சொன்னேன். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, ஈரக்கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுடி கண்ணு. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பஸ் புடிச்சு ஓடி வந்திருக்க மாட்டேனா? இனிமே அவன் பேரு இந்த வீட்டுல கேக்காது."

அன்றிரவு நான் தூங்கினேன். சும்மா சொல்லவில்லை, பிள்ளைப் பிராயத்துக்குப் பிறகு அப்படித் தூங்கினதே இல்லை. அதற்குப் பிறகு தினமும் மாலை அம்மாவின் போன் வரும். "சாப்பிட்டியாடி?" என்பாள். சூப் குடித்தேன் என்பேன். "ரொட்டி?" என்பாள். அவள் கேட்பாள் என்பதற்காகவே ஒரு துண்டு ரொட்டியும் தின்பேன். ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி ஜன்னல் பக்கம், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன். பின்னால் யாரும் நிற்க முடியாது. பிப்ரவரி பிறந்தபோது நான் ஒரு முழுத் தட்டை முடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் "சர்மாலே அனுப்பும்மா" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பெட்டியைப் பிரித்தோம். ஒரு சின்ன மண்சட்டி நிறைய சர்மாலே. அரிசியும் கொத்துக்கறியும் வைத்து, முட்டைக்கோஸ் இலையில் விரல் நீளத்துக்குச் சுருட்டிப் புளிக்கப் புளிக்க வேகவைத்தது. பின்னிப் பின்னி வட்டமாகச் சுட்ட ரொட்டி ஒன்று, மேலே முட்டை தடவிய பளபளப்போடு. அடியில் ஒரு துண்டில் சுற்றி ஒரு புதுத் தட்டு, புதுக் குவளை, புதுக் கரண்டி. தட்டின் ஓரத்தில் நீலப் பூ.

தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தேன். மாமா வீட்டில் எனக்கென்று ஒரு நசுங்கிய தகரத்தட்டு இருந்ததை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு புதுத் தட்டு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். துண்டில் சாம்பிராணி வாசனை வந்தது. புனிதர் படம் இருக்கும் அலமாரியில் வைத்திருந்த துண்டாக இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சட்டியைச் சூடு பண்ணி முடிப்பதற்குள் போன் வந்தது.

"பெட்டி வந்துச்சா கண்ணு? சாப்பிட்டியா?"

"இப்பத்தாம்மா உக்காரப் போறேன். தட்டு ரொம்ப அழகா இருக்கும்மா."

"அந்தத் தட்டுலயே சாப்பிடு. இன்னிக்கே சாப்பிடணும், நாளைக்குன்னு வைக்காதே. எல்லாத்தையும் நீயே சாப்பிடு. யாருக்கும் குடுக்காதே."

"ஒட்டிலியாவுக்குக் கூடவா?"

"யாருக்கும் குடுக்காதேன்னேன்ல. உனக்குன்னு பண்ணினது."

ஒட்டிலியா காதை என் போனோடு ஒட்ட வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் இடுப்பில் கை வைத்தாள். "உங்கம்மா ருமேனியப் பொம்பளதானாடி? எங்கம்மா ஒரு கோழி அனுப்பினா, விடுதி வாட்ச்மேன் வரைக்கும் பங்கு போட்டுத்தான் தின்னணும்பா. இப்படி ஒரு கஞ்சம் எங்கயாவது உண்டா?"

"பொறாமைப்படாதே. எங்கம்மா எனக்கு மட்டும் அம்மா" என்றேன். என்ன ஒரு கர்வம் எனக்கு!

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் சர்மாலே உள்ளே போனபோது கொஞ்சம் பயந்தேன். இரண்டாவதில் புளிப்பு தெரிந்தது. மூன்றாவதில் மிளகு தெரிந்தது. இத்தனை வருடமாக உணவுக்கு ருசி என்று ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறேன் பாருங்கள். ரொட்டியின் ஒரு பக்கத்தைப் பிய்த்துச் சாற்றில் தோய்த்துத் தின்றேன். வயிறு நிறைந்தது. நிறைந்த வயிறு எனக்கு வலிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு விள்ளல் ரொட்டிடி. உங்கம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒட்டிலியா கை நீட்டினாள். ரொட்டியின் நடுப்பின்னலில் ஒரு அக்ரூட் பருப்பு பதித்திருந்தது. அதைத்தான் குறி வைத்தாள். நகத்தால் நெம்பினாள். பருப்பு கையோடு வந்தது.

அதன் கீழே ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. அதன் விளிம்பில் மஞ்சள் மெழுகு உறைந்திருந்தது; கொஞ்சம் கரியும் இருந்தது.

ஒட்டிலியா ரொட்டியை மேஜைமேல் வைத்தாள். தட்டைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். துண்டை எடுத்து முகர்ந்தாள். பாதிரியார் மகள், அவளுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கும்தான். எங்கள் பக்கத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"ஸ்மரண்டா... உங்க வீட்டுல யாருடி செத்தது?"

செத்தவர்கள் பேரில் கொடுக்கிற சாப்பாட்டை நாங்கள் பொமானா என்போம். ரொட்டியின் நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி காட்டி, புதுத் தட்டு, புதுக் குவளை, துண்டோடு கொடுப்பார்கள். இங்கே நீ சாப்பிட்டால் அங்கே அவருக்குப் போய்ச் சேரும். வாங்கிச் சாப்பிடுகிறவர், 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லவேண்டும். வருடா வருடம் கொடுத்து, ஏழாம் வருடத்தோடு முடிப்பார்கள். அன்று மூத்தோர் சனிக்கிழமை, ஊரெல்லாம் செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். நெகுலாய் மாமாவுக்கு அது ஏழாம் வருடம்.

என் வயிற்றுக்குள் மாமா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்தேன். ஒட்டிலியா "இப்ப வேணாண்டி, கொஞ்சம் பொறு" என்றாள். பொறுக்க முடியவில்லை.

"அம்மா, ரொட்டியில மெழுகு இருக்கு."

நடுப்பின்னலை விரலால் தடவினேன்.

"அக்ரூட் வச்சு மூடியிருக்கே."

"சாப்பிட்டியா?" என்றாள்.

"யாருக்கும்மா இது?"

"மொதல்ல சாப்பிட்டியா இல்லையா, அதச் சொல்லு."

தினமும் மாலை அந்தக் கேள்வியைக் கேட்கத்தானே நான் காத்துக் கிடந்தேன்? ஒரு வார்த்தைக்கு ஒரு துண்டு ரொட்டி என்று எண்ணாத குறையாக விழுங்கியவள் நான். இப்போது அது யாருக்காகக் கேட்கப்பட்டது என்று விளங்கியது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சும்மா சொல்வார்கள். கழுத்து அறுபடுகிற சத்தத்தை நான் என் காதால் கேட்டேன்.

"சாப்பிட்டேன்" என்றேன்.

அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு. அதற்காகவே அவளை நான் ஆயுசுக்கும் வெறுக்கலாம்.

"கோவப்படாதே கண்ணு. எங்கண்ணன் கனவுல வர்றான்டி. கிறிஸ்துமஸ்லேந்து வர்றான். நம்ம கேட்டுக்கு வெளியே உக்காந்திருக்கான். முன்னாடி சாப்பாடு இருக்கு, கை வாய்க்குப் போகமாட்டேங்குதுன்னு அழறான். எல்லாருக்கும் குடுத்துப் பாத்தேன், போகலை. அவனால அழுதவங்க அவன் பங்கச் சாப்பிட்டா அவனுக்குக் கை எட்டும்னு ஊர்ல சொன்னாங்க. ஒரு வேளைச் சாப்பாடுதானேடி. உனக்கும் சத்து."

"அவன் பேரே இந்த வீட்டுல கேக்காதுன்னு சொன்னியேம்மா."

"நான் பேரச் சொன்னேனா உன்கிட்ட? ஒரு வார்த்தை சொன்னேனா?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! பெயரைச் சொல்லவில்லையாம், வாக்கைக் காப்பாற்றிவிட்டாளாம். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எனக்கே பயமாக இருந்தது. ஒட்டிலியா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவனுக்குப் பசின்னு உனக்குத் தெரியுது. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சத்தியம் பண்ணினே."

"சாகக் கெடந்தப்ப அவனே போன்ல சொன்னான்டி. 'அந்தப் பொண்ணுகிட்ட நான் கொஞ்சம் கடுமையா இருந்துட்டேன், அவள மன்னிக்கச் சொல்லு'ன்னு. நான் எப்படி உன்கிட்ட..."

"அப்ப ஏழு வருஷமா தெரியும்."

அவள் மௌனத்தில் இன்னும் ஏதோ இருந்தது. எனக்கு அம்மாவின் மௌனங்கள் நன்றாகத் தெரியும். போனிலேயே அவளோடு வளர்ந்தவள் நான்.

"அதுக்கு முன்னாடி?" என்றேன். "அம்மா. அதுக்கு முன்னாடி தெரியுமா?"

"பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை போன் பண்ணினா. நீ மூணாவது படிக்கறப்ப. லெனூட்சா, உன் புள்ள நிலவறையில அழறா, வந்து என்னன்னு பாருன்னா."

"ஏன் வரலை?"

"எப்படிடி வர்றது? அப்பத்தான் வீட்டுக்கு மேல்தளம் போட்டுக்கிட்டிருந்தாங்க. கொத்தனாரு, சிமெண்டு, எல்லாம் அவன்தான் பாத்தான். சண்டை போட்டா வீடு பாதியில நின்னுபோயிருக்கும். உனக்காகத்தானேடி கட்டினேன்? யாருக்காகக் கட்டினேன்? அடிக்கறானா, பட்டினி போடறானான்னு அவகிட்டக் கேட்டேன். இல்ல, சாப்பிட வைக்கறான்னா. சரி, சாப்பாடுதானேன்னு விட்டுட்டேன்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் வீட்டில் அதுகூட இல்லை. என் வாயையும் வயிற்றையும் அம்மா தன் அண்ணனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அன்று மேல்தளத்துக்கு, இன்று மோட்சத்துக்கு.

போனைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். தாழ்வாரக் கோடியில் குளியலறை. கதவைத் தாழிட்டுக்கொண்டேன். என் உடம்புக்கு வழி தெரியும். அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னாலேயே ஒட்டிலியா வந்து கதவைத் தட்டினாள். "ஸ்மரண்டா! திறடி!"

"அவனை வெளியே அனுப்பணும்!" என்று கத்தினேன். "உள்ள இருக்கான்டி அவன்! எனக்குள்ள உக்காந்து தின்னுறான்!"

"அதெல்லாம்..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்திவிட்டாள். அவள் அப்பா ஊர் முழுக்கப் பொமானாவுக்கு ஜெபம் சொல்கிறவர். அதெல்லாம் பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். பிறகு அழுகிற குரலில், "நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். உன் பின்னாடி இல்ல. வெளியே" என்றாள்.

குளிர்ந்த தரையில் முட்டிபோட்டிருந்தேன். முட்டி போட்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. சட்டென்று எழுந்து, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

உள்ளே வைத்துக்கொண்டால் அவர் பசி ஆறும். வெளியே அனுப்பினால் நான் பழையபடி இந்தக் குளியலறைக்கே குடிவருவேன். இரண்டில் எது நடந்தாலும் அவருக்கு லாபம். செத்த பிறகும் மனுஷர் என்னை இரண்டு கதவுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளிப்பு தொண்டை வரைக்கும் வந்து வந்து போனது. அந்தப் புளிப்பு எனக்குப் பிடித்திருந்ததே, மூன்றாவதில் மிளகுகூடத் தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன். மிளகு தெரிந்தது என் நாக்குக்கு. அந்த நேரத்தில் அந்த அறையில் நெகுலாய் மாமா இல்லை. அவரை நான் நினைக்கவே இல்லை. எனக்குப் பசித்தது, நான் தின்றேன். அதை இப்போது அவர் கணக்கில் எழுத நான் ஏன் சம்மதிக்கவேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. பயமில்லாத, சுத்தமான கோபம். குமட்டல் அதற்குப் பயந்ததுபோல் மெல்லக் கீழே இறங்கியது.

கதவைத் திறந்தபோது ஒட்டிலியா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இல்ல" என்றேன். "ஒண்ணும் பண்ணலை."

"நெஜமாவா?"

"பாதிரியார் மகளே, வேணும்னா பைபிள் கொண்டா."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பக்கத்து அறைப் பெண் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தேர்வு முடிவு வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அறைக்குத் திரும்பினோம். போன் கட்டில்மேல் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மாதான். எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கடி போனே? வெளியே எடுத்துட்டியா? எடுத்துட்டியாடி?"

"இல்லம்மா."

"அப்ப உள்ள இருக்கு."

"இருக்கு."

"அப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு. அது சொல்லாட்டி போய்ச் சேராதுடி. 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்'னு சொல்லிடு. மனசுல இருந்து வேணாம். சும்மா வாயால சொல்லு போதும். பெரியவங்கள்லாம் பழக்கத்துல சொல்லலையா?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நான் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சாப்பாடு என் வயிற்றில் இருந்தது. அதை அவரிடம் கொண்டு சேர்க்கிற வார்த்தை என் வாயில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, மாமாவுக்கு வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது.

நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, சர்மாலே ரொம்ப நல்லா இருந்துச்சு. மிளகு சரியா இருந்துச்சு. எனக்குப் பசிச்சுது, நான் சாப்பிட்டேன். அந்த வார்த்தைய மட்டும் நான் சொல்லமாட்டேன்."

"அவன் பசியோட கெடப்பான்டி!"

"கெடக்கட்டும்."

"பாவம்டி அது! செத்தவனுக்கு ஒரு வாய் குடுக்காத பாவம் ஏழு தலைமுறைக்கு..."

"நிலவறையில நான் அழுதது எத்தன தலைமுறைக்கும்மா?"

ஒட்டிலியா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா நிறுத்தாமல் அழுதாள். அந்த அழுகையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை மன்னிச்சுடு என்று வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஒருவேளை அந்த வார்த்தையையும் சொல்லித் தொலைத்திருப்பேன். பெற்றவள் அல்லவா, ஒரு சொட்டு போதும் எனக்கு.

அழுகை மெல்ல அடங்கியது. மூக்கை உறிஞ்சினாள். அவள் குரல் மாறிவிட்டது. இப்போது அதில் கெஞ்சல் இல்லை, பயம் மட்டும் இருந்தது.

"எங்கண்ணனுக்கே சொல்லமாட்டேங்கறே. அப்ப நாளைக்கு நான் செத்தா, எனக்கு யாருடி சொல்லுவா?"

ஆக, அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் பேரிலும் ஒருநாள் ஒரு தட்டு என் முன்னால் வரும் என்பதும், அந்தத் தட்டுக்கும் அந்த வார்த்தை தேவைப்படும் என்பதும். கேட்டுக்கு வெளியே பசியோடு உட்கார்ந்திருந்தது அண்ணன் மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் போனை அணைக்கவில்லை. சட்டியில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து ஒட்டிலியாவுக்குக் கொடுத்தேன். "எந்த வார்த்தையும் சொல்லாம சாப்பிடு" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொள்ளப் போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஆறிப்போயிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. மறுமுனையில் அம்மா மூச்சுவிடுவது கேட்டது. நாங்கள் மெல்லுவது அவளுக்கும் கேட்டிருக்கும்.